எட்டாம் பதிப்பு

"ஓசிப் புத்தகத்துல படிச்ச நர்ஸ்கிட்ட நீங்க ஊசி போட்டுக்குவீங்களா, சொல்லுங்க?"

கேட்டுவிட்டு ட்ரென்ட் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். கணிதத் துறை ஆசிரியர்கள் ஏழு பேரும் அவன் வாங்கிவந்த டோனட்டை மென்றுகொண்டிருந்தார்கள். பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தால் கூடவே டோனட்டும் வரும். அது அந்தக் கல்லூரியில் எழுதப்படாத சட்டம். ட்ரென்ட் இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்தச் சட்டத்தை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

அன்று ஓட்டெடுப்பு. புள்ளியியல் வகுப்புக்கு இருநூற்று எண்பது டாலர் பாடநூலைத் தொடர்வதா, இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த பாடநூலுக்கு மாறுவதா?

"மாணவர்கள் சார்பா பேச ரெண்டு நிமிஷம்," என்றார் துறைத் தலைவர் கார்டன்.

மாரிபெல் எழுந்தாள். ஆப்பிள் பெட்டி கட்டும் கொட்டகையில் காலை வேலையை முடித்துவிட்டு, அதே பூட்ஸோடு வந்திருந்தாள்.

"எங்க அத்தை பொண்ணு படிச்ச ஏழாம் பதிப்பை வச்சுத்தான் நான் படிச்சேன். வீட்டுக்கணக்கு இருபதும் சரியாப் போட்டேன். கிடைச்சது முட்டை! எட்டாம் பதிப்புல நம்பரெல்லாம் மாறிடுச்சாம். நூலகத்துல இருக்கறது ஒரே ஒரு புத்தகம். அதுவும் ரெண்டு மணி நேரம்தான் தருவாங்க. வரிசையில பதினோரு பேர் நிக்கறோம். இன்னைக்கு நீங்க மாத்தலைன்னா நான் இந்த வகுப்பை விட்டுடுவேன். இது பாஸாகாம நர்சிங்ல எடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாவமாத்தான் இருக்கு," என்ற ட்ரென்ட் புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினான். "ஆனா இதைப் பாருங்க. எல். எம். வாண்டர்மீர்! முப்பது வருஷமா அந்த மனுஷன் இழைச்சு இழைச்சு எழுதினது. பதிப்புக்குப் பதிப்பு புதுசு!"

"என்ன புதுசு?"

மூலையிலிருந்து கேட்டது லோர்னா. ஓய்வுபெற்ற பிறகும் ஒரே ஒரு வகுப்பு எடுக்க வருபவர். அவர் கையில் இருந்தது இரண்டாவது டோனட்.

"நிறைய, மேடம். அதெல்லாம் விளக்கினா உங்களுக்குப் பொழுது போயிடும்."

"நான் சொல்றேன். பழைய பதிப்புல பதினாலாவது கணக்கு, புதுசுல முப்பத்தொண்ணு. கணக்குல குதிரையை எடை போட்ட இடத்துல இப்ப கழுதை. அட்டை பச்சையா இருந்தது, நீலமாச்சு. வேற ஒரு வரி மாறலை."

ட்ரென்டின் சிரிப்பு கொஞ்சம் கோணியது. "இதையெல்லாமா உக்காந்து எண்ணுனீங்க?"

"ஒரு கோடை விடுமுறை முழுக்க இதுக்கே போச்சு, தம்பி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கார்டன் இருமி அடக்கினார்.

"சரி, இலவசப் புத்தகத்துக்கு மாறலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மாரிபெல்லின் முகம் தொங்கிப்போனது. ட்ரென்ட் பையை மூடத் தொடங்கினான். ஆனால் ஆசிரியர்கள் யாரும் அவனையோ அவளையோ பார்க்கவில்லை. எல்லோரும் லோர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோர்னா விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். அவ்வளவுதான், மளமளவென்று மற்ற ஆறு கைகளும் எழுந்தன. கார்டன் எண்ணக்கூட இல்லை. மாரிபெல் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த மாணவர்களும் ஆரவாரம் செய்ய, நடைபாதையே அதிர்ந்தது.

ட்ரென்டுக்கு ஆற்றாமை பொங்கியது. "உங்களுக்கென்ன, கையைத் தூக்கிட்டீங்க! வாண்டர்மீர் கேள்விப்பட்டா மனசு உடைஞ்சுபோவார். அந்தப் பெரிய மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இப்படிக் கொடுங்க," என்று புத்தகத்தை வாங்கிய லோர்னா, முதல் பக்கத்தில் ஏதோ எழுதி மூடி, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "காருக்குப் போய்ப் பாருங்க."

காருக்குப் போகும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. படியிலேயே நின்று பிரித்தான்.

'அன்புள்ள ட்ரென்ட், மனசு உடையவில்லை. குதிரையைக் கழுதையாக்கச் சொன்னது உங்கள் கம்பெனி. ஆக்கிய பாவம் இன்றைக்குத்தான் தீர்ந்தது. டோனட் அருமை. இப்படிக்கு, லோர்னா மே வாண்டர்மீர்.'