கடைசிப் பக்கத்தைப் படித்தவர்

"கொலைகாரன் யாருன்னு இன்னிக்கும் என்கிட்ட உளறினே, டெரெக், உன்னை இங்கேயே விட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன்."

ஹேசல் இதைச் சொன்னபோது கணவனும் மனைவியும் கண்காட்சியின் மூன்றாவது அறைக்கு வந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் லவீனியா ஹார்ட்கேசிலின் மழைக்கோட்டு தொங்கியது. பக்கத்தில் விஷப் புட்டிகள், அவர் டீ குடித்த கோப்பை. வாழ்நாள் முழுக்கத் துப்பறியும் கதை எழுதி, பக்கத்து வீட்டுக்காரரைக்கூடச் சந்தேகப்பட வைத்துவிட்டுப் போன அம்மாள். வெளியே டெவன் மாவட்டத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஹேசலுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

"நான் எப்போ உளறினேன்?" என்றார் டெரெக்.

"எப்போ உளறலே? லைப்ரரியிலேர்ந்து நான் தூக்கிட்டு வர்ற புஸ்தகத்தை நீ முதல்ல படிப்பே. மறுநாள் காலையில, 'பாதிரியார்தான் கொன்னது, அந்த ஜாமை இப்படித் தள்ளு'ம்பே. கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு கதையோட முடிவையாவது நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டிருக்கேனா?"

"மனசுல வச்சுக்க முடியலையேம்மா."

உண்மைதான், அவர் வாயில் எதுவும் தங்காது. ஹேசலின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ரகசியமாக விருந்து ஏற்பாடு செய்தபோது, "சாயங்காலம் நீ ஆச்சரியப்படணும், மறந்துடாதே" என்று காலையிலேயே போட்டு உடைத்த மனுஷன்.

இருவரும் கடைசி அறையின் வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாலு அடி நடந்தால் டெரெக்குக்கும் இப்போதெல்லாம் மூச்சு வாங்கியது. மூன்று மாதமாக அவருக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து இருவருமே ஓய்ந்துபோயிருந்தார்கள். போன திங்கட்கிழமை ஹேசலால் காலை ஊன்ற முடியவில்லை. டெரெக் தனியாகப் போய்வந்து, கோட்டைக் கழற்றி மாட்டியபடியே, "ஒண்ணுமில்லையாம். ரத்தம் கம்மியாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார். ஹேசலின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளே இந்தக் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று டெரெக் பிடிவாதம் பிடித்தார். "அடுத்த கோடையில போலாமே, மழையில்லாம இருக்கும்" என்றாள். அவர் கேட்கவில்லை.

லவீனியா அம்மாளின் கடைசி நாவலை ஹேசல் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் படித்து முடித்தாள். முடித்தாள் என்று சொல்ல முடியாது. அந்த நாவல் கடைசிப் பக்கம் இல்லாமலேதான் அச்சானது. அம்மாளின் விருப்பம் அப்படி. கொலைகாரன் யாரென்று தெரிய வேண்டுமானால் அவர் ஊருக்கு வந்து, இந்தக் கடைசி அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். வெளியே மூச்சு விடக் கூடாது. வாசலில் நின்ற பெண்மணி ஒவ்வொருவரையும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொல்லித்தான் உள்ளே விட்டாள்.

"அடுத்து யாருங்க?" என்றாள் அந்தப் பெண்மணி.

ஹேசல் எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

"நீயே முதல்ல போ. எப்பவும் போலத்தானே," என்றாள் சலிப்புடன். பிறகு அந்தப் பெண்மணியிடம், "ஏங்க, இவர்கிட்ட சத்தியம் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்ல. வாயில பிளாஸ்திரி இருந்தா ஒட்டிவிடுங்க."

டெரெக் நெஞ்சில் கை வைத்தார். உள்ளே போனார். ஒரு பக்கம் படிக்கத் தேவையானதைவிட அதிக நேரம் உள்ளேயே இருந்தார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

ஹேசல் கண்ணை மூடிக்கொண்டாள். "சரி. சொல்லித் தொலை."

"நீயே போய்ப் படிச்சுக்கோம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். "என்னது?"

"சொல்ல மாட்டேன். இது ஒண்ணாவது நீயாத் தெரிஞ்சுக்கணும்."

"தோட்டக்காரன்தானே?"

டெரெக் சிரித்தார்.

"அந்த மருமக? டாக்டர்? ஒரு தடவை தலையையாவது ஆட்டேன்."

டெரெக்கின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சாதுவாக அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஹேசலுக்குச் சிரிப்பு வந்தது. "பரவாயில்லையே. வயசான காலத்துல மனுஷன் தேறிட்டியே," என்று அவர் தோளில் தட்டினாள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவு அவளுக்காகக் கெடாமல் காத்திருந்தது.

"உங்க முறைம்மா," என்று கூப்பிட்டாள் வாசலில் நின்ற பெண்மணி.

ஹேசல் காலை ஊன்றி எழுந்தாள். வாசல்வரை போய் நெஞ்சில் கையை வைத்தவள், சத்தியம் செய்யாமல் அப்படியே நின்றுவிட்டாள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். டெரெக் அதே சாதுவான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே அவரிடம் திரும்பி நடந்து வந்தாள்.

"உன்னால மறைக்க முடியும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, டெரெக்," என்றாள். "திங்கக்கிழமை டாக்டர் நிஜமா என்னப்பா சொன்னார்?"