எட்டேமுக்கால்

"எட்டேமுக்கால்!"

ஜாசிம் போட்ட சத்தத்தில், அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை வீறிட்டது.

"பெட்ரோல் கள்ளனப் பிடிச்சாச்சு நஜ்லா. கையும் களவுமா!"

அவன் கையில் இருந்தது கள்ளன் அல்ல, ஒரு நோட்டு. கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜாசிமுக்குக் கடையைவிடக் கார்தான் பெரிது. டாங்கை விளிம்பு வரை நிரப்புவான். அடுத்த தடவை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது, நடுவில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து வகுப்பான். மலை ரோட்டில் லிட்டருக்குப் பதினாலு. முப்பத்தைந்து லிட்டர் டாங்க், ஒரு தடவை நிரப்பினால் நானூற்றுத் தொண்ணூறு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு டீ வருவதற்குள் இதைச் சொல்லி முடித்திருப்பான்.

வண்டிக்குள் ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தான்: 'வண்டி நின்றால் இன்ஜினும் நிற்க வேண்டும்.' டிரைவர் மலைச்சாமி பஸ் ஸ்டாண்டில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தாலும், மப்ளரை இறுக்கிக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாரே தவிர, சாவியைத் திருக மாட்டார்.

"ரெண்டு தடவை பழனி, மிச்சம் டவுனுக்குள்ள. மொத்தம் இருநூத்தி எம்பது கிலோமீட்டர். பதினாலால வகுத்தா இருபது லிட்டர். இன்னைக்கு எத்தன பிடிச்சுது தெரியுமா? முப்பத்திரெண்டு! லிட்டருக்கு எட்டேமுக்கால்தான் ஓடியிருக்கு. பன்னெண்டு லிட்டர் எங்க போச்சு?"

நஜ்லா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"டாங்க் ஒழுகுதோ என்னமோ மச்சான்."

"மெக்கானிக் அடியில படுத்துப் பாத்துட்டான். ஒரு சொட்டு இல்ல. கான்வென்ட்ல உனக்குப் பாட்டு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாங்களா, வகுத்தல் சொல்லிக் குடுக்கலையா? நீ உங்கம்மா வீட்டுல இருந்து புள்ளையோட வந்து பத்து நாளாச்சுல்ல? அது வரைக்கும் பதினாலு. இந்தப் பத்து நாளாத்தான் களவு. நான் புள்ள முகத்தப் பாத்து அசந்திருக்க நேரமாப் பாத்து உறிஞ்சியிருக்கான்."

பிள்ளை முகத்தை நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று நஜ்லா கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சாயங்காலம் மஃரிப் தொழுதுவிட்டு அவன் வீட்டுக்கு வரும் நேரமும், குழந்தை அழ ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. "இந்தச் சத்தத்துல கணக்கு வராது" என்று நோட்டோடு படியிறங்கிக் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். ஏறி வர ஒன்றரை மணி நேரமாகும். அதுவரை அவள் பிள்ளையை இரண்டு சால்வையில் சுற்றிக்கொண்டு, ஈரம் கசியும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள்.

ரூம் ஹீட்டர் ஒன்று கேட்டுப் பார்த்தாள். "ஸ்வெட்டர் கடைக்காரன் வீட்டுல ஹீட்டரா? ஊர் சிரிக்கும்" என்றுவிட்டான்.

மலைச்சாமி வாசலில் செருப்பைக் கழற்றினார். மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்காரர், ஐம்பது வயது. நஜ்லாவையும் குழந்தையையும் பழனியிலிருந்து ஏற்றி வந்தது அவர்தான். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் பிள்ளை கண் திறக்கவில்லை.

"யோவ், பன்னெண்டு லிட்டர யாருக்கு வித்த?"

"பாய், டாங்க் மூடியத் தொறந்தது பங்க்குக்காரன் கைதான். எம் புள்ளைக மேல ஆணையாச் சொல்றேன்."

"உன் ஆணைய வச்சு நான் என்ன செய்ய? நோட்டு பொய் சொல்லாது. சாவிய வையி. நாளையில இருந்து வராத. பஜார்ல எவனும் உனக்கு ஸ்டியரிங் குடுக்காம நான் பாத்துக்கறேன்."

மலைச்சாமி சாவியை மேஜையில் வைத்தார்.

"பதினோரு வருசம் பாய். வேலை போனாப் போய்ட்டுப் போகுது. கள்ளன்னு பேரு வாங்கிட்டா நான் மலையெறங்கணும்?"

குழந்தை உச்சத்தில் கத்தியது.

"சை! கணக்க இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன், களவு கூடத்தான் வரும்" என்று, தன்னிடமிருந்த இன்னொரு சாவியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஜாசிம் படியிறங்கினான்.

நஜ்லா டீ போட்டுக் கொடுத்தாள். மலைச்சாமி குடிக்கவில்லை. டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. அந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"வாங்கண்ணே. நான் பேசறேன்."

சொல்லிவிட்டாளே ஒழிய, பாதிப் படியில் திரும்பிவிடலாமா என்று நின்றுவிட்டுத்தான் இறங்கினாள்.

ரோட்டோரம் கார். பானெட் மேல் தெருப் பூனை சுருண்டு கிடந்தது. தினமும் சாயங்காலம் அங்கேதான் கிடக்கும். இந்தக் குளிரில் தகரத்தின் மேல் இதற்கு அப்படி என்ன சுகமோ என்று நினைத்தபடி கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளேயிருந்து அடுப்படி மாதிரி வெதுவெதுப்பு வந்து முகத்தில் மோதியது. குழந்தை பட்டென்று அழுகையை நிறுத்தியது.

"என்ன? வெரசாச் சொல்லு. சூடெல்லாம் வெளிய போகுதுல்ல?"

"தினமும் இப்படி ஹீட்டரப் போட்டுக்கிட்டா மச்சான் உக்காருவீங்க?"

"பின்ன? இந்தக் குளிர்ல வெறச்சுப்போயா உக்காந்து கணக்குப் போடுவாங்க?"

நஜ்லா பூனையைப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். இத்தனை நாள் இருந்த பயம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

"மலைச்சாமிண்ணே, மேஜை மேல இருக்க சாவியப் போயி எடுத்துக்குங்க. கள்ளன் அம்புட்டாச்சு. பத்து நாளா இன்ஜின ஓடவிட்டுக்கிட்டு, உள்ளதான் உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காரு."