சொட்டு

மனைவி ராமாத்தாளுக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் நின்றுவிட்டது. "லைன்ல பிளாக், தாத்தா" என்றாள் நர்ஸ்.

"பிளாக்குன்னா?"

"அடைப்பு."

"அதை மொதல்லயே சொன்னா நாக்கு வெந்துருமா?" என்றார் நாச்சிமுத்து.

"கைய வெச்சிராதீங்க. காத்து உள்ள போனா பாட்டி உசுருக்கே ஆபத்து" என்று சொல்லி அவள் வேறு ஊசி எடுக்கப் போனாள். ஊசி குத்தியவளும் அவள்தான், அடைப்பு என்பவளும் அவள்தான். எப்படி நம்புவது?

தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதுவது அவர் வேலை. மறுமுனையில் ராமாத்தாள் "ஊதுங்க" என்றால்தான் ஊதுவார்.

பாட்டில் பக்கமிருந்து குழாயைப் பிடுங்கி உதட்டில் வைத்தார். மறுமுனை அவள் மணிக்கட்டில் இருந்தது. ராமாத்தாள் கண் விழித்தாள். கன்னம் உப்ப, மூச்சை அடக்கி அவள் முகத்தையே பார்த்து நின்றார்.

அவள் மெல்ல உதட்டைப் பிரித்தாள்.