பதினேழாம் நம்பர் டோக்கன்

தன் முறை வந்ததும் அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். டாக்டர், அவளுக்கு முன்னால் வந்துபோனவரின் சீட்டை எழுதியபடியே, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றார்.

"காலையில எழுந்தா பின்மண்டை கனக்குது. நாலு படி ஏறினா நெஞ்சு படபடங்குது."

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து அவளை முழுசாக ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாம இருப்பேனா? 'ஒண்ணும் இருக்காது, தண்ணி குடிச்சிட்டுப் படு'ன்னுட்டு போனை நோண்டப் போயிட்டார் என் வீட்டுக்காரர்."

டாக்டர் அவள் கையை இழுத்து மேஜைமேல் வைத்தார். பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். சந்தேகம் தீராமல் மறு கையிலும் பார்த்தார். தூக்கம், சாப்பாடு, கவலை என்று ஒன்று விடாமல் விசாரித்தார். அவளுக்குப் பாதி நோவு அங்கேயே இறங்கிவிட்டது.

"பிரஷர் ஏறியிருக்கு. விட்டிருந்தா வம்பாயிருக்கும். இனி பயமில்ல, கட்டுக்குள்ள கொண்டு வந்துடலாம்."

"எனக்கென்ன பயம்? நீங்கதான் கைராசி டாக்டராச்சே!"

டாக்டர் தலை குனிந்துகொண்டார்.

டீ குடிக்கப் போயிருந்த நர்ஸ் அப்போதுதான் எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் பதறிப்போனாள்.

"ஐயையோ, டாக்டரம்மா! நீங்களா டோக்கன் போட்டுக் காத்திருந்தீங்க? நேரா உள்ள வந்திருக்கலாமே!"

அவள் டோக்கனைக் கணவர் முன்னால் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நேரா வந்தா நான் பொண்டாட்டிம்மா. டோக்கனோட வந்தாத்தான் பேஷன்ட்!"