இரண்டாம் மாடிப் பூனை

ஜெல் பட்டதும் அப்பா நெளிந்து சிரித்தார்.

"சில்லுனு இருக்குடி. இத்தனை வருஷம் இதையா தாங்கிக்கிட்டு படுத்திருந்தே?"

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையில் இன்று இடம் மாறிவிட்டது. கட்டிலில் அவர், நாற்காலியில் மகள்.

அவளுடைய இதய வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் பிறவியிலேயே இரண்டுதான். இது பரம்பரையாகவும் வரும், பெற்றவர்களையும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷமாகிறது. அம்மா மறுநாளே போய்ப் பார்த்துவிட்டாள். அப்பாதான், எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன் என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில்.

மகள் படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பன்னிரண்டு வயதில் அவள் வால்வை பலூன் வைத்து விரித்துவிடும்வரை, அவர்தான் அவளுக்கு லிஃப்ட். முதுகில் சுமந்துகொண்டு, "மூணாம் மாடி, கதவு திறக்குது" என்று அறிவிப்பு வேறு.

இரண்டாம் மாடியில் மட்டும் கட்டாயம் நிற்பார். அங்கே ஒரு வீட்டு வாசல் மிதியடியில் பூனை படுத்திருக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று ஒன்று விடாமல் விசாரிப்பார். பூனையோடு என்ன அரட்டை என்று அம்மா மேலிருந்து கத்துவாள். மகளுக்கோ அந்த அரட்டை என்றால் உயிர்.

திரையில் அப்பாவின் வால்வு திறந்தது.

வருஷா வருஷம் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. மூன்று இதழ் என்றால் முக்கோணமாகத் திறக்கும். இது மீன் வாய் மாதிரி திறந்து மூடியது.

அவளுடையதைப் போலவே.

டெக்னீஷியன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் நாளைக்குப் பேசுவார் என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பியதும் அப்பா விறுவிறுவென்று முன்னால் படியேறினார். இரண்டாம் மாடியில் நின்றார். பூனை செத்துப் பல வருஷமாகிறது. குனிந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. நாலு திட்டு திட்டலாம் போலவும் இருந்தது.

"கால் வலிக்குதுப்பா."

அவர் உடனே முதுகைக் காட்டிக் குனிந்தார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்காரவைத்தாள். தானும் ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு அந்த வெறும் மிதியடியைப் பார்த்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று, அவருக்கு மூச்சு சீராகும்வரை விசாரித்துக்கொண்டிருந்தாள்.