யார் அடித்த சீல்?

“இந்தச் சீல அடிக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது, ஜீவராணி?”

நிருவாக உத்தியோகத்தர் அன்ஸார் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாவிட்டால்தான் ஆபத்து என்று அந்தப் பிரதேச செயலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மேசைக்காரர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜீவராணி தலையைக் குனிந்தபடி நின்றாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். இனி ஆன மாதிரித்தான்.

விஷயம் இதுதான். காலையில் மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யாவுக்கு, ‘இரகசியம்’ என்று சிவப்புச் சீல் அடித்த அரசாங்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறதாம். ஒரு தொழிலாளிக்கு அப்படி என்ன இரகசியம் எழுதினீர்கள் என்று விசாரித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இரண்டு தரம் கேட்டார்.

அன்ஸாருக்கு உச்சி சூடேறிவிட்டது. ஒரு கடிதத்தை இரகசியம் என்று தீர்மானிக்க அந்த அலுவலகத்தில் இரண்டே பேருக்குத்தான் உரிமை. ஒருவர் பிரதேச செயலாளர். மற்றவர், செயலாளர் கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுத்திருக்கும் அன்ஸார். அப்படிப்பட்ட கடிதத்துக்கு இலக்கம் வேண்டும், தனிப் பதிவேட்டில் குறிப்பு வேண்டும். வீரய்யாவின் கடிதத்துக்கு இரண்டும் இல்லை.

சீல் இருப்பது பூட்டிய அலுமாரியில். சாவி அன்ஸாரின் சட்டைப் பையில். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது மட்டும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஜீவராணியிடம் கொடுத்துவிட்டுப் போவார். வீரய்யாவுக்குக் கடிதம் போனதும் போன வெள்ளிக்கிழமைதான். யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை.

“நான் சாவியத்தான் குடுத்தேன். அதிகாரத்தக் குடுக்கல்ல,” என்றார்.

கேட்டதற்கெல்லாம் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். சீல் அடித்தது அவள்தான். யாரும் சொல்லி அடிக்கவில்லை, யாரிடமும் ஐந்து சதம் வாங்கவில்லை. உள்ளே வைத்தது வெறும் மண்சரிவு அறிவித்தல். தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்பிரிவு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அங்கே இருக்கும் இருபத்து நாலு குடும்பமும் அடுத்த மழைக்கு முன்னால் வெளியேற வேண்டும் என்ற கடிதம். வீரய்யா லயத்துக் கோயில் தலைவர் என்பதால் அவர் பெயருக்குப் போட்டது.

“அதே கடிதம் இதுக்கு முந்தி மூணு தரம் போயிருக்கு. அப்பெல்லாம் சீல் இல்ல. நாலாவதுக்கு மட்டும் எதுக்கு?”

இதற்கு மட்டும் அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. “நான் சொன்னா நம்ப மாட்டீங்க சேர். வீரய்யா அண்ணன் வந்து சொல்லட்டும்,” என்றாள்.

அன்ஸாரின் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. இந்தப் பெண் பிறந்து வளர்ந்ததும் ஒரு லயத்தில்தானே. அறிவித்தல் என்ற பேரில் வேறு எதையாவது வெளியே கடத்திவிட்டாளா? தோட்டத்துக் காணிக் கோப்புகளும் அதே அலுமாரியில்தான் இருந்தன. வேலை போவதோடு முடியாது, பொலிஸ்வரைக்கும் போகும் என்று சொல்லிவைத்தார். நல்ல பிள்ளை என்று நம்பி மோசம் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பதினொரு மணிக்கு வீரய்யா வந்தார். கடிதத்தோடு வரும்படி கிராம சேவகர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஈரக் கம்பளியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

அன்ஸார் உள்ளே இருந்ததை எடுத்து, அலுவலகப் பிரதியோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இரகசியம் என்று மூடிவைக்க அதில் ஒன்றுமே இல்லை. திருடனைப் பிடித்துச் சோதித்தும் பையில் எதுவும் அகப்படாத எரிச்சல் அவருக்கு.

வீரய்யா அதற்குள் தன் கவலையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். கடிதத்தைப் படித்தவுடனேயே இருபத்து நாலு குடும்பமும் பிள்ளை குட்டியோடு கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட்டார்களாம். அங்கே தண்ணீர் வசதி இல்லையாம், அரசாங்கம் பார்த்து ஏதாவது செய்ய வேண்டுமாம்.

அன்ஸார் அவர் மீது பாய்ந்தார். “மூணு கடிதம் போட்டோம். அப்ப ஏறாம என்ன செஞ்சீங்க?”

வீரய்யா முழித்தார்.

“மூணாங்க? எங்களுக்கு வந்தது இது ஒண்ணுதாங்க, சேர்.”

“அப்ப மத்ததெல்லாம்?”

“லயத்துக்கு வர்ற கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தாங்க போவுது. அங்க பிரிச்சுப் பாத்துட்டு, குடுக்கணும்னா குடுப்பாங்க. இதுல சீலப் பாத்ததும் தொரை பிரிக்கப் பயந்துட்டாரு. கையெழுத்து வாங்கிக்கிட்டு அப்படியே குடுத்துட்டாருங்க. எனக்கு அம்பத்தாறு வயசு. பிரிக்காம என் கைக்கு வந்த மொதக் கடிதம் இதுதாங்க.”

அன்ஸார் ஜீவராணியின் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து போய் அலுமாரியைத் திறந்து அந்தச் சீல் கட்டையை வெளியே எடுத்தார்.

“கீழ்ப்பிரிவு லயத்துக்கும் இதே மண்சரிவுக் கடிதம் போகணுமே, கொண்டு வாங்க. அதுக்கு நானே அடிக்கிறேன்.”