எவர்சில்வர் குடம்

பெருங்களத்தூர் கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்குகள் மினுங்குகின்றன. மேடையில் மணமக்களை வாழ்த்தும் பிரமுகர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறார். "நம்ம ஜனம் குறைஞ்சிக்கிட்டே போவுது. மூணு புள்ளயாவது பெத்துக்கோங்க!" மண்டபம் முழுக்கக் கைதட்டுகிறது. கடைசி வரிசையில் சவுரிமுத்துவின் கல் உடைத்துக் காய்த்த கைகள் மட்டும் மடியிலேயே கிடக்கின்றன. எமர்ஜென்சி சமயம், கல்யாணமாகாத அவரைக் கல்குவாரிக் குடிசையிலிருந்து வேனில் ஏற்றிப்போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். பக்கத்து மாடிவீட்டுத் தெருவுக்குள் அந்த வேன் திரும்பவேயில்லை. "மேடைக்குப் போலாமா?" என்கிறார் சவுரிமுத்து. மனைவி தனம் தலைகுனிகிறாள். "புள்ள இல்லாத நம்ம கையால ஆசீர்வாதம் இன்னாத்துக்குயா?" பிரமுகர் ரிப்பன் கட்டிய எவர்சில்வர் குடத்தை மணமகளிடம் நீட்டுகிறார். சவுரிமுத்து அதையே பார்க்கிறார். "அன்னிக்கி ஆஸ்பத்திரிலேந்து அனுப்பசொல்லோ எனக்கும் குடம்தான் குட்த்தாங்கோ, தனம்."